கோபுரம் பிறகு கட்டலாம்



ஆண்டு மலருக்கு மாணவியர் எழுதும் கட்டுரைகள் நேரந் தவறாமை, தாய்மொழிப் பற்று, மரம் வளர்ப்பதன் பயன் என்று அமைவதே வழக்கம். பன்னிரண்டாம் வகுப்பில் பயிலும் நாங்கள் சிலர் இம்முறை அவ்வழக்கத்தினின்று சற்றே விலகி, பெரியவர்கள் பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று பேசும் ஒரு காரியத்தைப் பற்றி எங்கள் கருத்தை எடுத்துரைக்க விழைகிறோம். புதிய கோயில் ஒன்று கட்டப் போகிறார்கள். அதற்காக ஞாயிறுதோறும் தட்டு சுற்றி வருகிறது. எங்கள் கைச்செலவுக் காசும் அதில் விழுகிறது. ஆகவே, பேச எங்களுக்கும் சிறிது உரிமை உண்டு என்றே எண்ணுகிறோம். சொல்லில் பிழையிருப்பின் பொறுத்தருள்க.

ஓசூர் எப்படி வளர்ந்தது என்பதை இங்குள்ளவர்களுக்கு நாங்கள் சொல்லித் தர வேண்டியதில்லை. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில், குளிர்ச்சியும் ரோஜாத் தோட்டங்களுமாக, குட்டி இங்கிலாந்து என்று பெயர் வாங்கியிருந்த ஊர் இது. 1970-களில் சிப்காட் வந்தது. லாரி, மோட்டார் சைக்கிள், கைக்கடிகாரம் என்று ஒன்றன்பின் ஒன்றாக ஆலைகள் எழுந்தன. 2004-இல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தது. 2019-இல் ஓசூர் மாநகராட்சியாயிற்று. இப்போது செல்பேசித் தொழிற்சாலைகளும் வந்துவிட்டன. தூத்துக்குடி, கன்னியாகுமரி, திண்டுக்கல், திருச்சி என்று தென்மாவட்டங்களிலிருந்தும், கேரளத்திலிருந்தும் வந்த குடும்பங்களோடு, ஜார்க்கண்ட், ஒடிசாவிலிருந்து வந்த சகோதர சகோதரிகளும் இன்று நம் பங்கு மக்களே. சேலம் மறைமாவட்டத்திலிருந்து 1997-இல் தருமபுரி மறைமாவட்டம் பிரிந்தபோது, இத்தனை மொழிகளில் இங்கே திருப்பலி வேண்டியிருக்கும் என்று எத்தனை பேர் எண்ணியிருப்பார்கள்?

கோயிலோ சில பத்துக் குடும்பங்களுக்காகக் கட்டப்பட்டது. ஞாயிறு காலைத் தமிழ்ப் பூசைக்கு உள்ளே இருப்பவர்களைவிட வெளியே நிற்பவர்கள் அதிகம். கைக்குழந்தைக்காரிகள் வெளியே, இரவு ஷிப்ட் முடித்துப் பிந்தி வரும் அக்காமார் வெளியே, முழங்கால் வலிக்கும் பாட்டிமார் வேப்ப மரத்தடியில். நற்செய்தி அவர்களுக்கு ஒலிபெருக்கிக் குழாய் வழியாகத்தான் வருகிறது. அதிலும் பாதி லாரிச் சத்தத்தில் போய்விடுகிறது. எனவே, புதிய கோயில் வேண்டுமா என்பதில் வாதமில்லை. கட்டாயம் வேண்டும். எத்தகைய கோயில் என்பதே கேள்வி.

அறிவிப்புப் பலகையில் வண்ணப் படம் ஒன்று ஒட்டியிருக்கிறார்கள். இருபுறமும் உயர்ந்த இரட்டைக் கோபுரம். நடுவே கண்ணாடிப் பதித்த முகப்பு. உள்ளே பளிங்குத் தரை. சுற்றிலும் மருந்துக்குக்கூட ஒரு மரம் இல்லாமல் சிமெண்ட் முற்றம். அதைப் பார்த்து எங்கள் அம்மாமார் மகிழ்ந்தார்கள். நாங்களும் முதலில் மகிழ்ந்தோம் என்பதை மறைக்க மாட்டோம்.

கோபுரம் கேட்பவர்களை நாங்கள் குறைவாகப் பேச மாட்டோம். தூத்துக்குடியில் பனிமய மாதா கோயிலின் கோபுரத்தைப் பார்த்து வளர்ந்தவர், கடலிலிருந்து திரும்பும்போதே ஊர்க் கோபுரம் கண்ணில் படும் குமரிக் கரைக்காரர், அறுநூறு கிலோமீட்டர் தாண்டி வந்து தகரக் கூரையிட்ட கொட்டகையில் முழங்காலிட வேண்டியிருக்கிறது. வாடகை வீடு, ஒப்பந்த வேலை, பேருந்தில் ஒருவன் தமிழிலும் ஒருவன் கன்னடத்திலும் ஒருவன் தெலுங்கிலும் பேசும் எல்லைப்புற ஊர். இங்கே நமக்கென்று ஒன்று தலை நிமிர்ந்து நிற்க வேண்டும் என்ற ஏக்கம் நியாயமானதே. எங்களில் ஒருத்தியின் தந்தை, "நம்ம ஊர்க் கோயில் மாதிரி ஒண்ணு இங்க வந்துட்டா, நான் ஊரை விட்டு வந்தவன்னு தோணாது" என்று சொன்னார். அந்தப் பேச்சுக்கு எங்களிடம் மறுமொழி இல்லை; இன்றும் இல்லை.

ஆயினும், வேறொன்றையும் கண்ணால் பார்த்திருக்கிறோம். எங்கள் உறவினர் ஊர் ஒன்றில் (பெயர் வேண்டாம்) பெரிய கோயிலுக்கு அடிக்கல் நாட்டினார்கள். பழைய கோயிலை இடித்தார்கள். தூண்கள் எழுந்தன; பணம் தீர்ந்தது. பல ஆண்டுகளாக அத்தூண்களின் உச்சியில் கம்பிகள் வானத்தைப் பார்த்துத் துருவேறி நிற்கின்றன. பழையதும் இல்லை, புதியதும் இல்லை. மக்கள் பள்ளிக்கூட வராந்தாவில் பூசை காண்கிறார்கள். அவ்வூர்ச் சிறுமி ஒருத்தி முதல் நன்மை வாங்கியதும் அந்த வராந்தாவில்தான். திருவிழாவுக்கு அங்கே செல்லும்போதெல்லாம் எங்களுக்கு நம் அறிவிப்புப் பலகைப் படம் நினைவுக்கு வருகிறது.

திருச்சபைச் சட்டமும் இதை அறியாததன்று. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 1215-ஆம் எண் சட்டம், ஆயரின் எழுத்து மூலமான இசைவின்றி எந்தக் கோயிலும் கட்டலாகாது என்கிறது. அதோடு நிற்காமல், அந்த இசைவைத் தருமுன், கட்டி முடிக்கவும் பின்னர் வழிபாட்டை நடத்தவும் தேவையான வசதி குறைவின்றி இருக்குமா என்று ஆயர் ஆராய வேண்டும் என்றும் சொல்கிறது. அடுத்த எண், வல்லுநர்களின் ஆலோசனையைக் கேட்கச் சொல்கிறது. பணத்தைப் பற்றிப் பேசுவது பக்திக் குறைவு என்று எண்ணுவோர் இவ்விரண்டையும் ஒருமுறை படிப்பது நலம்.

அந்தப் பணம் யாருடையது? சீட்டு எழுதிக் கொடுத்தவர்களின் பெயர்கள் பூசைக்குப்பின் வாசிக்கப்படுகின்றன. பெருந்தொகை தந்தவர் பெயர் கல்லில் பொறிக்கப்படும் என்கிறார்கள். வாசிக்கப்படாத பெயர்களும் உண்டு. ஆலையில் வேலை பார்த்து விடுதியில் தங்கியிருக்கும் அக்கா ஒருத்தி எங்களுக்குப் பழக்கம். பாடற்குழுவில் எங்களோடு பாடுபவள். சம்பளத்தில் விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் போக மிச்சத்தை அப்படியே வீட்டுக்கு அனுப்புகிறாள், தம்பி படிக்கிறான். அவள் போனஸ் பணத்தில் ஒரு பங்கை உறையிலிட்டுத் தட்டில் போட்டதை நாங்கள் தற்செயலாகப் பார்த்தோம். ஒப்பந்தம் முடிந்தால் அடுத்த ஆண்டு அவள் இங்கே இருப்பாளோ என்னவோ. அந்த உறைப் பணம் கோபுர உச்சியில் கம்பியாகப் போவதா, அல்லது அவளும் அவளுக்குப் பின் வருகிறவளும் வெயில் படாமல் அமர்ந்து பூசை காணக் கூரையாகப் போவதா? எங்கள் வழக்கின் சாரம் இவ்வளவே. முதலில் எல்லோருக்கும் கூரை. அதுவும் கடனில்லாக் கூரை, கொதிக்காத கூரை. கோபுரம் பிறகு கட்டலாம்.

"சிக்கனமாகக் கட்டினால் கொட்டகை போலத்தான் இருக்கும்" என்கிறார்கள். அவர்களுக்காகவே பின்வரும் வரலாற்றை நூலகத்தில் தேடிப் படித்து வந்திருக்கிறோம்.

இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரில் 1917-இல் பிறந்தவர் லாரி பேக்கர் என்னும் கட்டடக் கலைஞர். குவேக்கர் சபையைச் சேர்ந்தவர், கத்தோலிக்கர் அல்லர். தொழுநோயாளருக்கான பணிக்காக 1945-இல் இந்தியா வந்து, இங்கேயே ஒரு மருத்துவரை மணந்து, கேரளத்தில் நிலைத்து, 1989-இல் இந்தியக் குடிமகனாகி, 2007 ஏப்ரலில் திருவனந்தபுரத்தில் மறைந்தார். பம்பாயில் கப்பலுக்காகக் காத்திருந்த இளமைக் காலத்தில் காந்தியடிகளைச் சந்தித்திருக்கிறார். வீடு கட்டும் பொருள்கள் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைப்பவையாக இருக்க வேண்டும் என்ற காந்தியடிகளின் கருத்து அவர் நெஞ்சில் பதிந்து, பின்னாளில் அவர் கட்டிய அத்தனைக்கும் அடிப்படையாயிற்று.

1970-களின் தொடக்கத்தில், திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் உள்ள லொயோலா கல்வி நிலையத்துக்காக ஒரு சிற்றாலயமும் ஓர் அரங்கமும் கட்டித் தரும்படி அவரைக் கேட்டார்கள். ஒவ்வொன்றிலும் ஆயிரம் பேர் அமர வேண்டும். கையிலிருந்ததோ நன்கொடையாக வந்த ஒன்றே முக்கால் லட்ச ரூபாய். அக்காலத்து ஒன்றே முக்கால் லட்சத்தை இன்றைய பணத்தோடு ஒப்பிட முடியாதுதான். ஆனால் அன்றைக்கும் அது அவ்வளவு வேலைக்குப் போதாத தொகையே. பேக்கர் என்ன செய்தார்? உயரமான சுவருக்கு வலுவூட்டக் கம்பியும் காங்கிரீட்டும் போடவில்லை. நடுவே இடைவெளி விட்டு இரண்டு செங்கற் சுவர்களை எழுப்பி, குறுக்குச் செங்கற்களால் இரண்டையும் பிணைத்தார். இரு சுவர்களிலும் தரையிலிருந்து கூரை வரை செங்கல்லிலேயே சாளரத் துளைகள் விட்டார். சன்னல் இல்லை, சன்னற் கம்பி இல்லை, கண்ணாடி இல்லை. ஆனால் வெளிச்சமும் காற்றும் தாராளம். இவ்வளவு நீண்டு உயர்ந்த கூடத்தில் குரல் எதிரொலித்துக் குழம்பும் என்று சிலர் அஞ்சினார்கள். அந்த ஆயிரமாயிரம் சிறு துளைகளே ஒலியை உள்வாங்கிக் கொண்டன. பேச்சும் பாட்டும் தெளிவாகக் கேட்டன. இருக்கை, விளக்கு, ஒலிபெருக்கி எல்லாம் சேர்த்தே அந்த ஒன்றே முக்கால் லட்சத்துக்குள் வேலை முடிந்தது!

இதன் படத்தைப் பார்த்தபோது எங்களில் ஒருத்தி, "இது கொட்டகையா?" என்று கேட்டாள். மாலை வெயில் அத்துளைகளின் வழியே பீடத்தில் புள்ளி புள்ளியாக விழுந்திருந்தது. திருவல்லாவில் சீரோ மலங்கரை ரீதியினருக்காக அவர் வட்ட வடிவில் வரைந்த புனித யோவான் பேராலயமும் இருக்கிறது. அதைப் பார்த்தவர் யாரும் இவருக்கு அழகுணர்ச்சி இல்லை என்று சொல்லத் துணியார்.

நிற்க. அவர் கையாண்ட முறைகளில் இரண்டை மட்டும் விளக்குகிறோம். முதலாவது, எலிப்பொறிக் கட்டு. பெயரைக் கேட்டு வகுப்பில் நாங்கள் சிரித்தோம். செங்கல்லைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, நடுவே பெட்டி போல இடைவெளி விட்டுக் கட்டுவது. ஒன்பது அங்குலச் சுவருக்கு நூறு செங்கல் பிடிக்கும் இடத்தில் எழுபத்தைந்து போதும். சுவருக்குள் அடைபட்ட காற்று, வெளி வெப்பம் உள்ளே வருவதைத் தடுக்கிறது. ஒழுங்காகக் கட்டினால் பூச்சு வேலையும் வேண்டியதில்லை. பூச்சு இல்லையென்றால் ஐந்தாண்டுக்கொரு முறை வர்ணம் அடிக்கும் செலவும் இல்லை. திருவிழாவுக்கு முன் வர்ணத்துக்காக வரி வசூலித்த அனுபவம் உள்ளவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்று தெரியும்.

இரண்டாவது கூரை. இயற்பியல் பாடத்தில் படித்ததுதான்: தளத்தின் மேற்பகுதி அழுத்தத்தைத் தாங்குகிறது, அடிப்பகுதியில் இழுவிசையைக் கம்பி தாங்குகிறது. கம்பிகளுக்கு இடையே அடிப்பகுதியில் நிறைந்திருக்கும் காங்கிரீட்டுக்குச் சொல்லும்படியான வேலை ஏதுமில்லை, சும்மா கனக்கிறது. அவ்விடங்களில் பழைய மங்களூர் ஓடுகளை இரண்டிரண்டாகக் கவிழ்த்து வைத்துவிட்டு மேலே காங்கிரீட் போட்டால், சிமெண்டும் குறைகிறது, தளத்தின் எடையும் குறைகிறது, வெப்பமும் குறைகிறது. அண்ணாந்து பார்த்தால் ஓட்டு வரிசை கோலம் போட்டாற்போலத் தெரியும். மங்களூர் ஓட்டுக்கும் ஒரு கிறிஸ்தவ வரலாறு உண்டு. 1865-இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியவர்கள் பாசல் மிஷன் சபையார். ஊரில் பழைய வீடுகளை இடிக்கும்போது இவ்வோடுகளைக் குப்பையாகக் கொட்டுகிறார்களே, அவற்றைக் குடும்பத்துக்குப் பத்தாகச் சேர்த்தாலே பாதிக் கூரைக்குத் தேறும்.

சிமெண்டைக் குறைக்க வேண்டும் என்பதில் நாங்கள் ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறோம் என்று கேட்கலாம். விலை ஒரு காரணம். மற்றொன்று, மனிதர் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறக்குறைய நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு சிமெண்ட் தொழிலிலிருந்து வருகிறது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் பூமியைப் பொது இல்லம் என்று அழைத்துத் திருமடல் எழுதினார். அதை நாம் மறைக்கல்வி வகுப்பில் படிக்கிறோம், பேச்சுப் போட்டியில் பேசுகிறோம், பரிசும் வாங்குகிறோம். கோயில் கட்டும்போது மட்டும் அம்மடலை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடலாமா?

காந்தியடிகளின் ஐந்து மைலுக்கு வருவோம். நம் ஐந்து மைலுக்குள் என்ன இருக்கிறது? செம்மண் இருக்கிறது. கருங்கல் இருக்கிறது. நம் பக்கத்துத் தோட்டங்களில் வேலியே கல்தூண்தான். கொட்டகைச் சுவராகவும் கூரையாகவும் பலகைக் கல்லை நிறுத்தியும் பரப்பியும் கட்டும் வழக்கம் இங்கே இன்றும் முற்றாக மறையவில்லை. மல்லசந்திரத்து மலைமேல் கற்றிட்டைகளைப் பார்த்திருக்கிறீர்களா? நாற்புறமும் பலகைக் கல்லை நிறுத்தி மேலே ஒரு கல்லை மூடி வைத்த ஈமச் சின்னங்கள். பெருங்கற்கால மக்கள் ஒரு துளி சாந்துமின்றி எழுப்பியவை இன்றும் நிற்கின்றன. இதைச் சொல்வதால் புதிதாக மலையை உடைக்கச் சொல்கிறோம் என்று கொள்ள வேண்டாம். கல் குவாரிகள் நம் மாவட்டத்தைப் படுத்தும் பாடு போதும். பட்டறைகளில் கிரானைட் அறுத்தபின் கழித்துப் போடும் துண்டுகள் மலைபோல் குவிந்துள்ளன. அவற்றைப் பொறுக்கிப் பதித்தால் தரைக்குப் பளிங்கு வாங்கத் தேவையில்லை. பல நிறத் துண்டுகள் கலந்து கிடக்கும். அதையே அழகாக அடுக்கத் தெரிந்த கொத்தனார்கள் நம் பங்கிலேயே இருக்கிறார்கள்.

செம்மண்ணுக்கு நம் பக்கத்திலேயே ஓர் ஆசான் உண்டு. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில், பேராசிரியர் அமுல்ய ரெட்டி முதலியோர் 1974-இல், கிராமங்களுக்குப் பயன்படும் தொழில்நுட்பத்துக்கென்று அஸ்திரா என்னும் அமைப்பைத் தொடங்கினார்கள். சலித்த மண்ணோடு சிறிதளவு சிமெண்ட் கலந்து, ஈரம் சேர்த்து, கையால் இயக்கும் அச்சில் அழுத்திக் கல் செய்யும் முறையை அங்கே பல ஆண்டுகள் ஆராய்ந்து செம்மைப்படுத்தினார்கள். நூறு பங்கு மண்ணுக்கு ஐந்து முதல் எட்டுப் பங்கு சிமெண்ட் போதும். சூளையில் வைத்து எரிக்க விறகோ நிலக்கரியோ வேண்டியதில்லை. மூன்று நான்கு வாரம் நீர் தெளித்துப் பதப்படுத்தினால் கல் தயார். புதுச்சேரி அருகே ஆரோவில்லிலும் இத்தகைய கற்களால் பெரிய கட்டடங்களே எழுப்பியிருக்கிறார்கள். அங்குள்ள பார்வையாளர் மையம் 1992-இல், எகிப்து நாட்டுக் கலைஞர் ஹசன் ஃபாதியின் பெயரால் ஏழைகளுக்கான கட்டடக் கலைக்கு வழங்கப்படும் பரிசைப் பெற்றது. அஸ்திவாரம் தோண்டும்போது மேல்மண்ணைத் தோட்டத்துக்கு ஒதுக்கிவிட்டு, அடிமண்ணில் கல் அறுத்துக் கொள்ளலாம். தோண்டிய மண்ணை லாரி வைத்து வெளியே கொட்டுவதும், கல்லை லாரி வைத்து உள்ளே கொண்டுவருவதுமான இரட்டைச் செலவு மிச்சம்.

"மண் சுவர் மழையில் கரைந்துவிடாதா?" என்று அம்மாமார் கேட்பார்கள், கேட்டுவிட்டார்கள். சரியாகச் செய்த கல் கரையாது. எனினும் நீண்ட இறவாரமும், தரையிலிருந்து இரண்டடிக்குக் கருங்கல் அடிச்சுவரும் அவசியம். எல்லா மண்ணும் இதற்கு ஏற்றதும் அன்று. மணல் மிகுந்து, களி குறைந்திருக்க வேண்டும். களி மிஞ்சினால் காயும்போது வெடிக்கும். நம் கொத்தனார்களுக்கு இம்முறை பழக்கமில்லை என்பதும் உண்மை. முதல் மாதம் வேலை மெதுவாகத்தான் நடக்கும். பழகிய வல்லுநர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு, முதலில் கோயிலை விட்டுவிட்டு, சுற்றுச்சுவரையோ சைக்கிள் நிறுத்தும் கொட்டகையையோ கட்டிப் பார்க்கலாம். பிழை நேர்ந்தால் அங்கேயே நேரட்டும். பொருளுக்குப் போகும் பணம் குறைந்து கூலிக்குப் போகும் பணம் கூடும் என்பது இம்முறையின் குணம். நம் பங்கில் கட்டட வேலை செய்யும் அப்பாமாரையும் சித்தாள் வேலைக்குச் செல்லும் அம்மாமாரையும் எண்ணினால் அதையும் ஆதாயமாகவே கொள்ளலாம்.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் எங்கள் ஊரில் எதையும் கட்ட முடியாது. நந்தி மலையில் பிறந்து வரும் தென்பெண்ணை, பெங்களூர்ப் பக்கத்துக் கழிவுகளையும் சுமந்துகொண்டு கெலவரப்பள்ளி அணையில் வெள்ளை நுரையாகப் பொங்குவதைப் பத்திரிகைப் படங்களில் உலகமே பார்த்தது. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் நம் மாவட்டத்துக்கும் தருமபுரிக்கும் வந்தது. ஆனால் வானம் நம்மை முற்றிலும் கைவிடவில்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஐயாயிரம் சதுர அடிக் கூரை என்று வைத்துக் கணக்கிட்டுப் பார்த்தோம்: மூன்றே முக்கால் லட்சம் லிட்டருக்குச் சற்றே குறைவாக வருகிறது. சிதறலும் ஆவியும் போக மூன்று லட்சமாவது தேறும். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் இருபத்தைந்து லாரித் தண்ணீர்! மழைநீர்ச் சேகரிப்பு 2003 முதல் நம் மாநிலத்தில் கட்டடங்களுக்குக் கட்டாயம்தான். பல இடங்களில் அது ஒரு குழாயும் ஒரு குழியுமாகப் பெயரளவில் நின்றுவிட்டது. கோயிலில் அதை முறையாகச் செய்து, முற்றத்தைச் சிமெண்டால் மூடாமல் விட்டால் கிணறு ஊறும். முற்றத்தில் புங்கமும் வேம்பும் நட்டால் வெளியே நிற்பவர்களுக்கு நிழலும் ஆயிற்று.

மின்சாரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வத்திக்கானிலேயே ஆறாம் பவுல் மண்டபத்துக் கூரையில் 2008-இல் இரண்டாயிரத்து நானூறு சூரியத் தகடுகள் பதித்தார்கள். ஆனால் கண்ணாடி முகப்பு வைத்து வெயிலை உள்ளே அழைத்துவிட்டு, பிறகு அதை விரட்டக் குளிர்சாதனமும் அதற்குச் சூரியத் தகடும் வாங்குவது எங்களுக்குப் புரியாத சிக்கனம். முதலில் சுவரில் துளை, பிறகு மின்விசிறி, அதன் பிறகு தகடு.

இப்போது கோபுரப் படத்தில் நாங்கள் தேடித் தேடியும் காணாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. குழந்தைக்குப் பால் கொடுக்க மறைவிடம் இல்லை. சக்கர நாற்காலி ஏறச் சரிவுப் பாதை இல்லை. பதினான்கு படிகள் இருக்கின்றன. எழுதக் கூச்சமாகத்தான் இருந்தது. எங்கள் வகுப்பு அருட்சகோதரியிடம் கேட்டோம். "அதைத்தான் முதலில் எழுத வேண்டும்" என்றார்கள். நான்கு மணி நேரம் நீளும் புனித வெள்ளி வழிபாட்டில் ஒரு பாட்டி எத்தனை முறை எழுந்து எங்கே போவார் என்று படம் வரைந்தவர் எண்ணிப் பார்க்கவில்லை. கோயிலைப் பெருக்கிக் கழுவுகிறவர்களும், பீடத்துக்குப் பூ வைக்கிறவர்களும், பாதிக்கு மேல் வந்து அமர்கிறவர்களும் பெண்களே. கட்டடக் குழுவில் இருக்கும் பெண்களின் எண்ணிக்கையைப் பெற்றோர்கள் தாங்களே எண்ணிக் கொள்ளலாம்.

கோயிலை ஒட்டி மூன்று பக்கமும் அகலமான திண்ணை வேண்டும் என்பது எங்கள் மற்றொரு விண்ணப்பம். நெரிசல் நாளில் பூசை காண்பவர்கள் அதில் அமரலாம். வார நாள் மாலைகளில் விடுதியிலும் ஒற்றையறை வீடுகளிலும் படிக்க இடமில்லாத பிள்ளைகள் அங்கே படிக்கலாம். திண்ணை இருந்தால் சுவரில் வெயில் விழாது, மழை அடிக்காது. ஒரு செலவில் எத்தனை காரியம்!

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் திருவழிபாட்டைப் பற்றி வெளியிட்ட ஏடு, ஆடம்பரத்தைவிட உயர்ந்த எளிய அழகையே நாட வேண்டும் என்றும், மக்கள் வழிபாட்டில் முழுமையாகப் பங்குபெற ஏற்றதாகக் கோயில் அமைய வேண்டும் என்றும் கூறியிருக்கிறது. அழகு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, நாங்களும் சொல்லவில்லை. பீடத்துக்கு ஒரே கருங்கல்லை நம் ஊர்ச் சிற்பி செதுக்கட்டும். மணி வேண்டும், நல்ல வெண்கல மணி. அதைத் தொங்கவிட நான்கு கல்தூண் போதும். அதன் அடித்தளத்தை மட்டும் இப்போதே அகலமாகவும் ஆழமாகவும் போட்டு வைக்கலாம். கடனின்றிக் கூரை முடிந்து, திண்ணை முடிந்து, மரமும் வளர்ந்தபின், ஊரை விட்டு வந்த நம் அப்பாமாரின் ஏக்கம் தீர அதன்மேல் கோபுரம் எழட்டும். அப்போது எங்களில் சிலரும் சம்பாதித்துக் கொண்டிருப்போம். சீட்டில் எங்கள் பெயரையும் எழுதிக் கொள்ளுங்கள்.

மண்ணைச் சோதிக்கும் எளிய முறை ஒன்று உண்டு. கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண்ணிட்டு, நீர் ஊற்றி, ஒரு சிட்டிகை உப்புச் சேர்த்து, நன்றாகக் குலுக்கி, ஒருநாள் அசையாமல் வைத்தால் சரளையும் மணலும் அடியிலும், வண்டல் நடுவிலும், களி மேலுமாகப் படியும். நம் பள்ளி விளையாட்டு மைதானத்தின் ஓரத்தில் இரண்டடி தோண்டி எடுத்த மண்ணை அவ்வாறு வேதியியல் ஆய்வகத்துச் சன்னலில் வைத்திருக்கிறோம். மணல் பாதிக்கு மேல் படிந்திருக்கிறது. களி மேலே ஒரு விரற்கடை. கோயிலுக்குப் பார்த்திருக்கும் நிலத்து மண் எங்களிடம் இல்லை. பங்குப் பேரவையிலுள்ள அப்பாமார் யாரேனும் அங்கிருந்து ஒரு படி மண்ணை மகளிடம் கொடுத்தனுப்பினால் போதும். இரண்டாவது பாட்டிலைக் கழுவிக் காயவைத்திருக்கிறோம்.